ஊசி ஓடாத நேரம்: கொழும்பு வீடுகளுக்கு ஒரு முழுமையான தையல் வழிகாட்டி

தீபாவளி நெருங்கிவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தையற்கடைகளில் புதிதாகத் துணி கொடுப்பது எளிதல்ல. வீட்டில் மெஷின் இருக்கிறது, ஆனால் உறையைக் கழற்றிப் பல மாதமாகிறது. கேட்டால் நேரமில்லை என்கிறோம். அந்த நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தையலின் நீளம் 2.5 மில்லிமீற்றர் என்றால் ஒரு மீற்றருக்கு 400 தையல்கள். வீட்டு மெஷினை நிதானமாக ஓட்டினாலும் நிமிடத்துக்கு 400 தையல் போடும். ஆக, ஒரு மீற்றர் தைக்க ஒரு நிமிடம். சிறுமி ஒருத்தியின் கவுனில் எல்லாத் தையலையும் சேர்த்து 15 மீற்றர் வந்தாலும், ஊசி துணியில் இறங்கி ஏறும் நேரம் கால் மணித்தியாலம்தான். பிறகேன் அரை நாள் போகிறது? கத்தரிக்கோலைத் தேடுவதில், நூல் மாற்றுவதில், மின்னழுத்திக்கும் மெஷினுக்கும் நடப்பதில், தைத்ததைப் பிரிப்பதில். மிதியை வேகமாக அழுத்தப் பழகியவர்களுக்கும் இந்த நேரம் மிச்சமாவதில்லை. தையலுக்கும் தையலுக்கும் நடுவிலிருக்கும் வேலைகளைக் குறைப்பவர்களுக்கே மிச்சமாகிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த நடு வேலைகளைப் பற்றியவை.

கடைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும்

புறக்கோட்டைக்குப் போய் வந்தால் அரை நாள் போய்விடும். கெய்சர் வீதியில் துணியை வாங்கி வந்தபின் சிப் வாங்கவில்லை என்று தெரிந்தால் இன்னோர் அரை நாள். ஆகவே தைக்கப்போகும் உடுப்பை மனத்துக்குள் ஒரு முறை அணிந்து கழற்றிப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள்: துணி, உட்துணி, நூல், சிப், பொத்தான், கொக்கி, இலாஸ்டிக். ஏற்கெனவே வீட்டிலுள்ள துணிக்கு நூல் வாங்குவதானால் ஒரு துண்டை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் நிறத்தைக் கட்டையோடு துணிமேல் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கட்டையில் சுற்றியிருக்கும்போது நூல் அடர்த்தியாகத் தெரியும். ஓரிழையாகத் துணியில் இறங்கியதும் வெளிறித் தெரியும். ஓரிழையை இழுத்துத் துணிக்குக் குறுக்கே போட்டுப் பாருங்கள். இரண்டு நிறங்களுக்கிடையே தடுமாறினால் சற்று அடர்ந்ததை எடுங்கள். வெளியே தெரியாத உட்தையல்களுக்கு நடுத்தரச் சாம்பல் நிற நூல் வியப்பூட்டும் அளவுக்குப் பல நிறங்களோடு ஒத்துப்போகும். வீட்டில் வெள்ளை, கறுப்பு, சாம்பல், சந்தன நிறம் ஆகிய நான்கும் எப்போதும் இருந்தால் பாதி வேலைகளுக்குக் கடைக்கு ஓடத் தேவையில்லை.

பருத்தித் துணியும் ரேயோனும் நனைந்தால் சுருங்கும். வாங்கி வந்த அன்றே ஓரங்களை மெஷினில் வளைவுத் தையலால் (இடமும் வலமும் மாறிப் போகும் சிக்-சாக் தையல்) ஓட்டிவிட்டு, வீட்டுச் சலவையோடு சேர்த்து நனைத்து, நிழலில் உலர்த்திவிடுங்கள். ஓரம் ஓட்டாமல் போட்டால் இழை பிரிந்து சிக்காகிவிடும். சீலையின் கீழோரத்தில் உட்புறமாக வைக்கும் ஃபோல்ஸ் துணிப்பட்டி, பருத்தி நாடா எல்லாவற்றையும் இதோடு நனைத்துவிட வேண்டும். உலர்ந்ததும் துணியின் ஒரு மூலையைச் சிறிதாக வெட்டிவிடுங்கள். பிறகு அலுமாரியைத் திறக்கும்போது, மூலை வெட்டியது நனைத்த துணி, முழுமூலை நனைக்காத துணி என்று பார்த்தவுடனே தெரியும். மழைக்காலத்தில் கொழும்பில் துணி உலர இரண்டு நாளும் ஆகும் என்பதால், தைக்கலாம் என்று நினைக்கும் நாளில் ஈரத்துணியோடு நிற்காமலிருக்க இதுவே வழி.

சாப்பாட்டு மேசையே தையலறை

தொடர்மாடி வீட்டில் தையலுக்கென்று தனியறை யாருக்கு இருக்கிறது? சாப்பாட்டு மேசையில்தான் வேலை. பரப்புவதும் ஒதுக்குவதுமே பெரிய வேலையாகிவிடுவதால், எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியைத் தூக்கி வைத்தால் தையலறை வந்துவிட வேண்டும். கத்தரிக்கோல் இரண்டு தேவை. துணிக்குப் பெரியது, நூலுக்குச் சிறியது. சிறியதை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் துணிக்கடியில் அதைத் தேடும் வேலை இல்லை. மேசை விளிம்பில் ஒரு கடதாசிப் பையை ஒட்டிவிட்டால் நூல் துண்டுகள் அதற்குள் போகும், பிறகு கூட்டத் தேவையில்லை. குண்டூசிகளுக்கு ஒரு காந்தம் வையுங்கள். கீழே கொட்டினாலும் ஒரே தடவையில் அள்ளிவிடலாம்.

கடலோர வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் குண்டூசியும் மெஷின் ஊசியும் விரைவாகத் துருப்பிடிக்கும். துருப்பிடித்த குண்டூசி வெள்ளைச் சீருடையில் விடும் கறையைப் போக்க ஆகும் நேரத்தில் ஒரு சட்டையையே தைத்துவிடலாம். மூடி இறுகிய போத்தலில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள்.

வெட்டும்போது

நன்றாகப் பொருந்தும் பழைய உடுப்பு ஒன்றைவிடச் சிறந்த அளவு கிடையாது. அதைத் தட்டையாக விரித்துத் தடித்த கடதாசியில் ஓரத்தைச் சுற்றி வரைந்து, தையலுக்கான ஓரத்தைச் சேர்த்து வெட்டி, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். வளரும் பிள்ளைக்கு அடுத்த முறை அதே கடதாசியில் இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி வரைந்தால் போதும், மீண்டும் அளவெடுக்கும் வேலையே இல்லை.

கடதாசியைத் துணியோடு குண்டூசியால் குத்துவதற்குப் பதிலாகப் பாரம் வையுங்கள். மீன் டின் நான்கு போதும். மடிப்புக்கோடும் பொருந்த வேண்டிய இடங்களும் வரும் இடத்தில் சோக்கால் கோடிழுக்காமல், ஓரத்திலேயே மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சிறு வெட்டு விடுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் விழும், அழியாது, தையலோரத்துக்குள் மறைந்தும் போகும். உள்ளே குறிக்க வேண்டியிருந்தால், குளித்துத் தேய்ந்த வெள்ளைச் சவர்க்காரத் துண்டை உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கடும் நிறத் துணியில் மெல்லிய கோடு விழும், ஒரு சலவையில் போய்விடும். நனைக்கக் கூடாத பட்டில் மட்டும் வேண்டாம்.

வழுக்கும் துணியை வெட்டத்தான் பலர் பயப்படுகிறார்கள். மேசைமேல் மெல்லிய வெள்ளைக் கடதாசியை விரித்து, துணியை அதன்மேல் குத்தி, கடதாசியையும் துணியையும் சேர்த்தே வெட்டுங்கள். மெல்லிய வொயில் என்றால் நீர்த்த சோற்றுக் கஞ்சியில் நனைத்து உலர்த்தி அழுத்தினால் அது கடதாசிபோல் விறைத்து நிற்கும். தைத்து முடித்துக் கழுவினால் கஞ்சி போய்விடும்.

தொழிற்சாலையிடம் கற்க வேண்டியது

1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதற்குப் பிறகு ஏராளமான பெண்கள் ஆடைத் தொழிற்சாலை வரிசைகளில் அமர்ந்து தைத்திருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே ஓர் அக்கா இருக்கக்கூடும். அவரிடம் பேசிப் பாருங்கள். அங்கே ஒருவர் முழுச் சட்டையைத் தைப்பதில்லை. ஒருவர் கழுத்துப்பட்டி, ஒருவர் பை, ஒருவர் கை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை பழகுகிறது, மெஷினை மாற்றியமைக்கும் நேரமும் இல்லை. மனித உழைப்பைப் பிழியும் முறை என்று அதை விமர்சிக்கலாம். விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் அதன் ஒழுங்கை வீட்டுக்கு எடுத்துவந்தால் அந்தப் பலன் நமக்கே.

பாடசாலை தொடங்கும் முன் மூன்று வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிய அளவு என்றால் முதலில் ஒரு சட்டையை மட்டும் முழுதாகத் தைத்துப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். இதைத் தவிர்த்தால் மூன்றையும் பிரிக்க நேரும். சரியாக இருந்தால், மீதி இரண்டையும் சேர்த்து வேலைவாரியாகத் தையுங்கள். பைகள் எல்லாம் முதலில், பிறகு தோள்கள் எல்லாம், பிறகு கைகள் எல்லாம்.

இப்படித் தைக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் நூலை வெட்ட வேண்டாம். ஒரு துண்டு முடிந்ததும் வெறுமனே நான்கைந்து தையல் ஓடவிட்டு அடுத்த துண்டை ஊசிக்கடியில் கொடுங்கள். துண்டுகள் நூலால் கோத்த மாலையாக வெளியே வரும். கடைசியில் ஒரே இருப்பில் வெட்டிப் பிரிக்கலாம். தொடக்கத்தில் ஒரு கழிவுத் துணித்துண்டில் தைத்துவிட்டு அதிலிருந்து நல்ல துணிக்குப் போனால், முதல் தையலில் நூல் சிக்கித் துணியை உள்ளே இழுக்கும் தொல்லையும் இராது.

தொழிற்சாலையின் இன்னொரு பழக்கம் இதைவிடப் பெரியது: தட்டையாக இருக்கும்போதே முடிந்தவரை எல்லாவற்றையும் தைத்துவிடுவது. வீட்டில் பலர் பக்கத் தையலை முடித்து, கையைக் குழாயாக்கி, பிறகு அந்தக் குழாயைத் தோள்வட்டத்தில் பொருத்தப் போராடுகிறார்கள். பிள்ளைகளின் சட்டைக்கு இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்:

1. பையை முன்பக்கத் துண்டில் தையுங்கள்.
2. இரண்டு தோள்களையும் இணையுங்கள்.
3. கைகளின் கீழ் ஓரத்தை மடித்து அழுத்தி மடிப்புக்கோட்டைப் பதித்துவிடுங்கள், தைக்க வேண்டாம்.
4. கையைத் தட்டையாகவே தோள்வளைவில் பொருத்தித் தையுங்கள்.
5. கை ஓரத்தில் தொடங்கி, அக்குளைக் கடந்து, சட்டையின் கீழ்வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தைத் தையுங்கள்.
6. ஏற்கெனவே பதிந்த கோட்டில் கை ஓரத்தை மடித்துத் தையுங்கள்.

பெரியவர்களின் பொருத்தமான ரவிக்கைக்கு இது சரிவராது. தோள்வளைவில் கை வடிவாக உட்கார வேண்டிய உடுப்புக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

நூலும் ஊசியும்

நூல் மாற்றும்போது பழைய நூலை முழுதாக உருவி எடுக்கத் தேவையில்லை. கட்டைக்குப் பக்கத்தில் பழைய நூலை வெட்டி, புதுக் கட்டையின் நூலை அதன் நுனியோடு முடிச்சிடுங்கள். துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கிவிடுங்கள், அப்போதுதான் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் திறந்திருக்கும். ஊசிப் பக்கத்திலிருந்து பழைய நூலை மெல்ல இழுத்தால் புது நூல் எல்லா வளையங்களையும் தானே கடந்து வரும். முடிச்சு ஊசிக் கண்ணருகே வந்ததும் வெட்டி, கண்ணில் மட்டும் கோத்துக்கொள்ளுங்கள். கட்டைப் பக்கம் திருப்பி இழுக்காதீர்கள். நூற்பஞ்சு தட்டுகளுக்கிடையே மாட்டிவிடும். துணியோரம் பிரியாமல் தைக்கும், நான்கு நூல் ஓடும் ஓவர்லொக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வழியே பெரும் ஆறுதல்.

கண்ணில் கோக்கச் சிரமமா? நூல் நுனியைச் சரிவாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைப் பிடியுங்கள். நூலை நனைப்பதைவிட ஊசிக் கண்ணின் பின்பக்கத்தை விரலால் ஈரமாக்கிப் பாருங்கள், நூல் உள்ளே இழுபடும்.

பெரிய வேலை தொடங்கும் முன் அதே நிறத்தில் மூன்று நான்கு பொபின்களை (அடிநூல் சுற்றும் சிறு உருளைகளை) சுற்றி வைத்துவிடுங்கள். நீளமான தையலுக்கு முன் பொபினில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். நூல் தீர்ந்தது தெரியாமல் இரண்டு மீற்றர் ஓட்டியபின் திரும்பி வருவது எவருக்கும் அலுப்பூட்டும்.

ஊசி இலக்கத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வொயிலுக்கும் மெல்லிய பட்டுக்கும் 11, சாதாரணப் பருத்திக்கு 14, டெனிமுக்கு 16. டீ-சேர்ட் துணிக்கு உருண்டை நுனி ஊசி வேண்டும், இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும். ஏறத்தாழ எட்டு மணித்தியாலத் தையலுக்கு ஓர் ஊசியை மாற்றிவிடுங்கள். துணியைக் குத்தும்போது டப் டப் என்று சத்தம் கேட்டால் அதற்கு முன்பே மாற்றலாம்.

நேராகத் தைக்க, ஊசி விழும் இடத்திலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளந்து, மெஷின் தட்டில் நிற ஒட்டுநாடா ஒன்றை ஒட்டுங்கள். கண்ணை ஊசியில் வைக்காமல் அந்த நாடாவில் வைத்துத் துணி ஓரத்தை அதனோடு ஓடவிடுங்கள். நேரான பருத்தித் தையலுக்கு அதன்பின் குண்டூசிகள் இரு முனையிலும் நடுவிலும் போதும்.

மின்னழுத்தி

மெஷினுக்கு அடுத்தபடியாக நேரத்தைத் தருவதும் தின்பதும் இதுதான். தையல் மெஷினின் மின் தேவை சிறியது, மின்னழுத்தி 1000 வாற்றுக்கு மேல் எடுக்கும். நம் மின்கட்டணத்தில் பாவிக்கும் அலகு கூடக் கூட அலகின் விலையும் ஏறுவதால், ஒவ்வொரு தையலுக்கும் சூடாக்கி அணைப்பது நேரத்துக்கும் பணத்துக்கும் நட்டம். ஒன்றையொன்று குறுக்கே வெட்டாத தையல்களை எல்லாம் முதலில் தைத்து முடித்து, அவற்றை ஒரே தடவையில் அழுத்துங்கள். ஆனால் ஒரு தையலைக் கடந்து இன்னொரு தையல் போக வேண்டுமானால் முதலாவதை அழுத்தாமல் கடக்க வேண்டாம். அந்த இடம் பிறகு எப்படி அழுத்தினாலும் தடித்தே நிற்கும். பலவகைத் துணி இருந்தால் குறைந்த சூடு தேவைப்படும் பொலியஸ்டரில் தொடங்கிப் பருத்தியில் முடியுங்கள்.

ஓரம் மடிக்க அளவு நாடாவோடு மல்லுக்கட்டும் வேலைக்கு ஒரு மட்டைத்துண்டு முடிவு கட்டும். பளபளப்புப் பூச்சு இல்லாத தடித்த மட்டையை ஓரடி நீளத்துக்கு வெட்டி, ஒரு விளிம்பிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சென்ரிமீற்றரில் கோடுகள் போடுங்கள். துணியின் உட்பக்கத்தில் மட்டையை வைத்து, துணி ஓரத்தை மட்டைமேல் வேண்டிய கோடுவரை மடித்து அழுத்துங்கள். நகர்த்துங்கள், மீண்டும் அழுத்துங்கள். பாவாடையின் மூன்று மீற்றர் ஓரமும் ஒரு குண்டூசி இல்லாமல் ஒரே அகலத்தில் மடிந்துவிடும்.

குறுக்கு வெட்டுப் பட்டி செய்ய இதே போன்ற ஓர் உபாயம் உண்டு. துணியை 45 பாகையில் பட்டியாக வெட்டி, அழுத்தும் மேசையின் விரிப்பில் ஒரு நீளக் குண்டூசியை உள்ளே குத்தி, பட்டியின் முடிந்த அகலத்துக்கு இடைவெளி விட்டு மீண்டும் உள்ளே குத்துங்கள். இரு ஓரமும் உள்மடிந்த பட்டியை அந்த இடைவெளிக்குள் நுழைத்து இழுத்துக்கொண்டே, வெளியே வரும் பக்கத்தில் மின்னழுத்தியை வையுங்கள். கழுத்துக்கும் கைக்கும் வேண்டிய பட்டி சில நிமிடத்தில் தயார்.

சுருக்கு, சிப், பொத்தான்

நீளமான சுருக்குக்கு இரண்டு வரிசை நீளத் தையல் போட்டு இழுத்தால் பாதியில் நூல் அறுந்துபோகும். தடித்த நூல் ஒன்றைத் துணிமேல் வைத்து, அதைக் குத்தாமல் அதன்மேலாக அகன்ற வளைவுத் தையலை ஓட்டுங்கள். தடித்த நூலின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு மறுநுனியை இழுத்தால் எவ்வளவு நீளமானாலும் அறாமல் சுருங்கும். இடுப்புப்பட்டியையும் சுருக்கையும் நான்காகப் பிரித்துக் குறித்து, குறிக்குக் குறி பொருத்தினால் சுருக்கு ஒரு பக்கமாகக் குவியாது.

சிப்பைத் தேவையைவிட ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளமாக வாங்குங்கள். பல்வரிசை நைலோனாக இருக்க வேண்டும். மேலதிக நீளம் இடுப்புக்கு மேலே நிற்கட்டும். இழுப்பானை அந்த மேற்பகுதிக்கு ஏற்றிவிட்டுத் தைத்தால், அதைச் சுற்றி வளைந்து போகும் அந்தக் கோணல் தையல் வராது. தைத்தபின் இழுப்பானைக் கீழே இறக்கி, இடுப்புப்பட்டியை வைத்து இரு பக்கப் பற்களின்மேலும் தைத்து, பிறகே மேல்நுனியை வெட்டுங்கள். இறக்குமுன் வெட்டினால் இழுப்பான் கையோடு வந்துவிடும்.

பொத்தான் துளைகளைச் சம இடைவெளியில் குறிக்க, ஒரு இலாஸ்டிக் துண்டில் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். சட்டையின் முன்பக்கத்தில் இழுத்துப் பிடித்தால் எத்தனை பொத்தான் என்றாலும் இடைவெளி சமமாக விழும், வகுத்துப் பார்க்கும் கணக்கு இல்லை. துளையைத் திறக்கும்போது மறுமுனையில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்தி வையுங்கள். தையல் பிரிக்கும் கருவி அதைத் தாண்டி வெட்டாது.

சீலையும் ரவிக்கையும்

ஃபோல்ஸ் வைக்கும்போது சீலையையும் ஃபோல்ஸையும் அழுத்தி, மேசையில் தட்டையாக விரித்து முதலில் பெருந்தையலால் நூலோட்டிவிடுங்கள். கீழோரத்தை மெஷினில் ஓட்டலாம். மேலோரம் வெளியே தெரியும் என்பதால் அதைக் கையால்தான் தைக்க வேண்டும். அங்கே அவசரப்பட்டால் நல்ல சீலை கெடும்.

ரவிக்கைப் பக்கங்களில் ஓரங்குலம் விட்டு, அரை அங்குலத்துக்குள் இரண்டு மூன்று இணைத் தையல்களாக ஓட்டுங்கள். உடம்பு போட்டால் உடம்பை ஒட்டியிருக்கும் உட்புறத் தையல் ஒன்றைப் பிரித்தாலே போதும். முதன்முறை போட்டுப் பார்க்கும் தையலை 4 மில்லிமீற்றர் நீளத்தில் போடுங்கள், பிரிக்க நொடியில் முடியும்.

சிக்கலும் பிரிப்பும் பராமரிப்பும்

துணியின் அடியில் நூல் கூடுகட்டினால் எல்லோரும் பொபினைத்தான் பழிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்தான். பாதம் தாழ்ந்திருக்கும்போது கோத்தால் நூல் இறுக்கத் தட்டுகளுக்கிடையே இறங்காது. பாதத்தைத் தூக்கி முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். இறுக்கத் திருகாணியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்தால் பல மாலைகள் தப்பும்.

பிரிக்க வேண்டி வந்தால் ஒவ்வொரு தையலாக வெட்ட வேண்டாம். ஒரு பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு ஒன்றை வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் நீளமாக உருவிவரும். மிஞ்சிய துண்டுகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள்.

டெனிமின் தடித்த பக்கத் தையலைக் கடக்க, அந்த இடத்தைத் துணி மூடிச் சுத்தியலால் தட்டி மெலியச் செய்யுங்கள். பாதம் ஏறி முன்பக்கம் தூக்கி நிற்கும்போது, மடித்த மட்டைத்துண்டைப் பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்து மட்டமாக்கினால் ஊசி முறியாது.

மின்சார மெஷின் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பொபின் கூட்டுக்குள் படிந்த பஞ்சைச் சிறு தூரிகையால் எடுங்கள். எண்ணெய் விடச் சொல்லியிருக்கும் இடங்களில் மட்டும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் விடவே வேண்டாம். அது நாளடைவில் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும். எண்ணெய் விட்டபின் கழிவுத் துணியில் சற்று ஓட்டி எண்ணெயைத் துடைத்தெடுங்கள்.

இனி அந்தக் கிழிசல் கூடை. ஒவ்வொன்றாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நூல் மாற்ற வேண்டும். வந்து விழும்போதே நிறம் பார்த்துப் பிரித்து வையுங்கள். வெள்ளை நூல் மெஷினில் இருக்கும் நாளில் வெள்ளைச் சீருடை, தலையணை உறை, உட்பாவாடை எல்லாம் ஒரே இருப்பில் முடியட்டும். கறுப்பு நூல் ஏறும் நாளில் காற்சட்டைகள். பொத்தான் தைப்பவை தனியாக ஒரு பையில் இருந்தால், தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டே கையால் முடித்துவிடலாம்.